அப்பாவின் நீல உதடு

தூக்கம் வரவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இப்படியே போனால் உடம்பு தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதடு நீலமானால் உடனே கூட்டிவரவும் சொல்லியிருந்தார்.

இன்று அம்மாவோடு ப்ளூபெர்ரி வாங்கப் போனேன். அம்மா டப்பாவைத் தூக்கி, அடியில் சாறு கசிந்திருக்கிறதா என்று பார்த்தாள். லேசாக ஆட்டினாள். பழங்கள் ஒட்டாமல் உருண்டன.

"மேல வெள்ளையா இருக்கேம்மா, பூஞ்சையா?"

"அது பழத்தோட சொந்தப் பவுடர்டி. அது அழியாம இருந்தா புதுசு. காம்புப் பக்கம் சிவந்திருந்தா புளிக்கும்."

"இதைச் சாப்பிட்டா அப்பாவுக்குச் சரியாயிடுமா?"

"இது மருந்தா என்ன? பழம். நார்ச்சத்து இருக்கு, வைட்டமின் இருக்கு. முதல்ல அந்த மனுஷன் வாயைத் திறக்கணுமே!"

வீட்டில் அம்மா பழங்களைக் கழுவி, சர்க்கரை சேர்க்காமல், தோல் வெடித்துக் குழையும்வரை சிறு தீயில் வைத்தாள். ஓட்ஸ் கஞ்சியில் கலந்து தரட்டுமா என்று கேட்டதற்கு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். உதடு நீலம்!

எனக்கு உயிரே போய்விட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்து அப்பாவின் நகங்களைப் பார்த்தாள். நல்ல ரோஜா நிறம்.

"பல்லைக் காட்டுங்க."

பல்லும் நீலம்.

"பச்சையா தின்னா இவ்வளவு ஒட்டாது. சட்டியையே வழிச்சிருக்கீங்க!"

அப்பா திருதிருவென விழித்தார். "சும்மா ருசி பாக்கலாம்னு..."

"ருசி பாத்த லட்சணம் மீசை வரைக்கும் தெரியுது."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். வீடே அலறினாலும் பல்லைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? என் அம்மாவுக்குத் தோன்றும்.

"அந்தக் கஞ்சி இருக்கா?" என்றார் அப்பா, மெதுவாக.

"இருங்க, சூடு பண்றேன்."

பின்னாலேயே போனேன். அம்மா தீக்குச்சியை உரசிக்கொண்டே இருந்தாள். குச்சிகள் ஒடிந்தனவே தவிர, ஒன்றுகூடப் பற்றவில்லை. நான் வாங்கி அடுப்பைப் பற்றவைத்தேன். நான் கரண்டியை எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு கஞ்சியைக் கிளற ஆரம்பித்தாள்.