வட்டம் போட்ட வரி

என்னை முதன்முதலில் பார்த்தபோது பையன் கேட்டது இதுதான்: "நீங்க எப்போ போவீங்க?"

"பன்னெண்டு மணிக்கு," என்றேன்.

"அது இல்ல. மொத்தமா."

பதினோரு வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுவதால் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் அந்த மையத்தில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். அங்கே தொண்டு செய்ய வருகிற என்னைப் போன்றவர்கள் ஞாயிறுதோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் பார்க்க வேண்டும், பேச வேண்டும். சம்பளம் கிடையாது. எனக்கு முன்னால் அவனுக்கென்று இரண்டு பேர் வந்து, நாலைந்து மாதத்தில் நின்றுவிட்டார்கள்.

நான் கம்பி கட்டுகிறவன். தளம் போடும் முன்பு இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவை சந்திக்கும் இடமெல்லாம் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் குனிந்தே பிழைப்பு.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க," என்றாள் என் மனைவி. "நம்ம பிள்ளைங்கதான் வளர்ந்து வேலைக்கே போயாச்சே. இனி எது வளரணும், உன் முதுகுக் கூனா?"

"வீட்டுல படுத்துக் கிடந்தாலும் வலிக்கத்தானே போகுது," என்று கிளம்பினேன்.

என்ன வேலை என்று பையன் கேட்டதற்குக் கம்பி வேலை என்றேன். "கம்பி எண்ணுறீங்களா?" என்றான். அன்றிலிருந்து நான் கம்பி மாமா.

ஏழு மாதம் ஓடியது. அவனுக்குப் பின்னம் என்றால் கசப்பு. பன்னிரண்டு மீட்டர் கம்பியை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒன்றரை மீட்டர். இதை என் கை என்றோ படித்துவிட்டது. அந்த வழியிலேயே சொன்னேன். பிடித்துக்கொண்டான்.

வினை வந்தது அவன் நோட்டில். எங்கள் வேலையில் கட்டு சரியாக இருக்கும் இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவோம். விட்டுப்போன இடத்தில் வட்டம். இருபத்தெட்டு வருடப் பழக்கம். நோட்டிலும் கை அப்படியே போய்விட்டது. முதல் நாள் பையன் முகம் சுண்டிப்போய், "எல்லாமே தப்பா?" என்றான். "எல்லாமே சரிடா," என்று விளக்கினேன். பிறகு ஒவ்வொரு வாரமும் எத்தனை பெருக்கல் வாங்கினோம் என்று எண்ணுவதே அவனுக்குப் பெருமை.

போன ஞாயிறு பாதிப் பாடத்தில் மையத்தின் பொறுப்பாளர் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசை மேல் பையனின் பழைய நோட்டு இருந்தது.

"சார், இருபது கணக்குல பத்தொன்பது சரி. அத்தனைக்கும் தப்பு போட்டிருக்கீங்க. தப்பான ஒண்ணுக்கு முட்டை!"

எங்கள் வேலைப் பழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கெட்ட மனுஷி இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் டீ சொல்லியிருந்தார்.

"புரியுது சார். ஆனா உங்க விண்ணப்பத்துல படிப்புங்கற இடம் காலியா இருக்கே."

"அங்க எழுத என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

"பார்வையிட வர்றவங்க எங்களைத்தான் கேப்பாங்க." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "சும்மா ஒரு வழக்கத்துக்கு. கையெழுத்து போட்டாப் போதும்."

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கம்பி வளைக்கும் இயந்திரம் என் இடது கையில் இரண்டு விரலைத் தின்ற மறுநாள், மேஸ்திரி ஒரு தாளை நீட்டி இதையேதான் சொன்னான். கைநாட்டு வைத்தேன். 'என் சொந்தக் கவனக்குறைவால்' என்று அதில் இருந்ததைப் பிறகு யாரோ படித்துச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று வயதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நான் எழுத்துப் பழகப் போனது அதனால்தான்.

வரிக்கு அடியில் விரலை வைத்து, உரக்கப் படித்தேன். நான் படிப்பது மெதுவாகத்தான். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

"தனிப்பட்ட காரணங்களால், என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்."

வீடு சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை. அடுத்தவர் முடிவை மட்டும் எனக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

"முன்னாடி போன ரெண்டு பேரும் இதுலதான் கையெழுத்து போட்டாங்களாம்மா?"

"அவங்க நிஜமாவே அவங்களாப் போனாங்க சார்."

"நான் போகலயே. நானும் அவனை வேண்டாம்னு போயிட்டேன்னு அவன்கிட்ட சொல்லுவீங்க. அதுக்கு நான் கையெழுத்து போட முடியாது."

பேனாவை எடுத்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அடியில் எழுதினேன்: 'நான் விலகவில்லை. விலக்கினால், நீங்கள் விலக்கினீர்கள் என்று எழுதுங்கள்.' டீ ஆறிப்போகும் அளவுக்கு நேரம் பிடித்தது. கீழே கையெழுத்தும் போட்டேன், முழுப்பெயராக.

"இப்படி எழுதினா நான் மேல என்ன சொல்றது?"

"மேல இருக்கறவங்க படிச்சவங்கதானேம்மா. படிக்கட்டும்."

கதவைத் திறந்தால் வக்கீல் நிற்கிறான், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றானோ. மேசைத் தாளை எட்டிப் பார்த்தான். வட்டத்தைப் பார்த்தான்.

"அது தப்பா மாமா?"

"தப்பு."

"அடுத்த வாரம் உள்ள விடலன்னா?"

"வாசப்படி இருக்குல்ல."

"மழை பெஞ்சா?"

"டேய், குறுக்கு விசாரணை போதும். மணி என்ன ஆச்சு?"

"பதினொண்ணு."

"இன்னும் ஒரு மணி நேரம் நம்மளுது. நோட்டைத் திற."

பின்னால் அந்த அம்மா "சார்" என்று கூப்பிட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.