கறுப்பியின் தொட்டி

விடுதி அறைகளைச் சுத்தம் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முந்தின நாள் அங்கே ஒருவர் படுத்தார், தும்மினார் என்பதற்குச் சுவடே இல்லாமல் இருபது நிமிடத்தில் துடைத்தெடுத்துவிடுவான். கட்டிலடியில் ஒரு முடி கிடந்தால்கூட அவனுக்கு நிம்மதி இருக்காது. அந்தக் கைதான் அவன் வீட்டில் சோறு போட்டது. அந்த வீட்டைக் கெடுத்ததும் அதே கைதான்.

ஏழு மாதத்துக்கு முன்பு அவன் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உயிரில்லை. அவள் மயக்கம் தெளிவதற்குள் இவன் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். குழந்தையை அடக்கம் செய்தான். வீட்டுக்கு ஓடிவந்து குட்டிச் சட்டை, தொட்டில், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தான். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று நல்லது நினைத்துத்தான் செய்தான், பாவி. அவள் வந்து, துடைத்துவைத்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். அழவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

மீன் தொட்டி அவளாகப் போய் வாங்கியது. "புதுசா வளர்க்கிறவங்களுக்கு இதுதாம்மா சரி. சாது மீனுங்க, சண்டை போடாது. முட்டை கிடையாது, நேரா குட்டிதான்" என்று கடைக்காரர் ஆறு கப்பி, நாலு பிளாட்டி, ஒரு கறுப்பு மோலி கொடுத்தார். மோலிக்குக் கறுப்பி என்று பெயர் வைத்தாள். கடையிலேயே சினைப்பட்டிருக்க வேண்டும், சில வாரத்தில் கறுப்பியின் வயிறு உப்பியது.

"குட்டி போட்டா பெரிய மீனுங்க முழுங்கிடுமாம்ங்க. ஒளிஞ்சிக்க இடம் வேணும்" என்று பாசிச்செடி வாங்கி மிதக்கவிட்டாள். அவள் தானாக வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கறுப்பியைக் கும்பிடலாம் போலிருந்தது.

தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று அவள் இரண்டு நாள் போகவேண்டி வந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள்: "ஒரு சிட்டிகை தீனி போடுங்க, போதும். வேற எதையும் தொடாதீங்க."

அவன் கையாவது தொடாமல் இருப்பதாவது! கண்ணாடியில் பச்சை படிந்திருந்தது. ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு பழுப்பேறி வழவழவென்றிருந்தது. பிள்ளை பெறப்போகிறவள் இந்தக் குப்பையிலா கிடப்பாள்? மீன்களை வாளிக்கு மாற்றினான். கற்களை வெந்நீரில் அலசினான். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் தெளிவாகும்வரை பிழிந்தான். தொட்டி நிறையப் புதுத் தண்ணீர் பிடித்துவிட்டான். அவள் வந்து பார்த்துச் சிரிப்பாள் என்று அவனுக்கு ஓர் ஆசை.

மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கடைக்கு ஓடினான்.

"ஸ்பாஞ்சையுமா கழுவினீங்க?" கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, அது அழுக்கு இல்ல. அதுல இருக்கிற நல்ல கிருமிதான் மீனோட கழிவை முறிக்கும். குழாய்த் தண்ணில கலக்குற குளோரின் மருந்து அதைக் கொன்னுடுச்சு. மீனையும் விடாது."

அவர் கொடுத்த மருந்தை ஊற்றியும் பலனில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டன. கடைசியாகக் கறுப்பி, நிறைவயிற்றோடு, ஒரு மூலையில் சாய்ந்தது.

அவன் கை பழக்கத்தில் வாளியைத் தேடியது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு இதே மாதிரி மீன்களை வாங்கி விட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? அவள் வருவதற்குள் செய்துவிடலாம். அவள் வருவதற்குள் என்று நினைத்ததுமே ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. அன்று கையில் வாங்கிய வெள்ளைத்துணிச் சுருளுக்குக் கனமே இல்லை. வாளியைக் கீழே வைத்தான். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

காலையில் அவள் வந்தாள்.

"நான்தான். கழுவித் தொலைச்சேன். எல்லாம் செத்துப்போச்சு" என்றான். திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றான்.

அவள் பையை இறக்கிவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டாள். கறுப்பியை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஏழு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வெகுநேரம் கழித்து, "இதையாவது என் கண்ணுல காட்டினீங்களே" என்றாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அவ யாரு ஜாடைங்க?"

அன்று அந்த வெள்ளைத்துணியை அவன் விலக்கிப் பார்க்கவே இல்லை.