படிக்குக் கீழே ஒரு விசாரணை

தையற்கடைக்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கர நாற்காலியை அவள் ஓட்டும் வேகம் அப்படி. ஆனால் நகராட்சி அலுவலகத்துப் படிக்கட்டு வந்ததும் ராக்கெட் நின்றுவிடும். கடை உரிமம் புதுப்பிக்க வருடா வருடம் அண்ணன்தான் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மேலே போவான்.

அந்த வருடம் அவன் குனிந்ததும் கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாம்ண்ணா. நான் என்ன மூட்டையா?"

பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏற வசதியாகச் சாய்தளம் கட்டியாக வேண்டும் என்று சட்டமே இருப்பதை வானொலியில் கேட்டிருந்தாள். நேரே சட்டமன்ற உறுப்பினரிடம் போனாள்.

"சட்டம் போட்டதே நாங்கதாம்மா! நானும் கை தூக்கினேன்" என்றார் அவர் பெருமையாக. "கட்டுறது அதிகாரிங்க வேலை."

நகராட்சிப் பொறியாளர் படியிறங்கி வந்து பேசினார். "சட்டம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. மேலிடத்து உத்தரவு வரணுமே."

"சட்டத்துக்கு மேல எந்த இடம் சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. "அதைக் கோர்ட்டுல போய்க் கேளுங்க!"

அவர் கடுப்பில் சொன்னார். அவள் அப்படியே செய்தாள்.

விசாரணை நாளன்று பார்த்தால், நீதிமன்றம் மாடியில். மின்தூக்கியும் இல்லை. வழக்கை நடத்திய வக்கீலம்மா கையைப் பிசைந்தார். "இன்னிக்கு மட்டும் தூக்கிட்டுப் போயிடலாமா?"

"மாட்டேன். வழக்கு போட்டவ கீழ இருக்கான்னு ஜட்ஜய்யாகிட்ட சொல்லுங்க."

வக்கீலம்மா மேலே போனார். அவள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகப்பிரசங்கித்தனமாகிவிட்டதோ? இருந்தாலும் நகரவில்லை.

சற்று நேரத்தில் படியில் ஒரே சலசலப்பு. மூட்டுவலிக்கார நீதிபதி கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். பின்னாலேயே நகராட்சிப் பொறியாளரும் வந்தார்; ஊழியர் ஒருவர் நீதிபதிக்கு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்.

"சட்டம் இருக்கா?" என்று பொறியாளரைக் கேட்டார் நீதிபதி.

"இருக்குங்கய்யா."

"சாய்தளம்?"

"இல்லீங்கய்யா."

"எனக்குச் சட்டம் போடுற அதிகாரம் கிடையாது. கொத்து வேலையும் தெரியாது. போட்ட சட்டத்தை நடத்துங்கன்னு சொல்ல மட்டும்தான் முடியும். சொல்றேன், கட்டுங்க. இந்தக் கட்டடத்துக்கும் சேர்த்து."

கட்டினார்கள், கடனே என்று. நகராட்சிச் சாய்தளத்தில் அவள் பாதி ஏறுவதற்குள் சக்கரம் பின்னால் வழுக்கியது. அண்ணன் பாய்ந்து பிடித்தான்.

"அதான் கட்டியாச்சே, இன்னும் என்னம்மா?" என்றார் பொறியாளர்.

"இது சாய்தளம் இல்ல சார், சறுக்குமரம்."

மறுபடி நீதிமன்றத்துக்குப் போனாள். கட்டியதை இடித்து, சரிவைக் குறைத்து, இரும்புக் கைப்பிடியும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கப் போனபோது தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். தோள் வலித்தது, மூச்சு வாங்கியது. உள்ளே நீண்ட வரிசை. கடைசியில் இருந்தவர் அவளைப் பார்த்து ஒதுங்கினார்.

"நீங்க முன்னால போங்கம்மா."

"பரவாயில்லங்க" என்று அவர் பின்னால் சேர்ந்துகொண்டாள். "என் முறை வரட்டும்."