அழுகண்ணிக்கு வைத்த விருந்து

அலுவலக உணவகத்தின் தலைமைச் சமையல்காரர், பசி என்னும் பகையை ஒற்றைக் கரண்டியால் முறியடிக்கப் பிறந்தவர். ‘போதும்’ என்ற சொல்லை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தட்டை மறைத்த கையின் மேலேயே பரிமாறியவர்! அப்பேர்ப்பட்டவரிடம்தான் மனைவியின் தங்கை ஓர் அழுகண்ணிச் செடியை ஒப்படைத்தாள்.

“மொட்டு விட்டிருக்கு மாமா. விதையிலேர்ந்து வளர்த்தேன், இன்னும் பூவைப் பார்த்ததில்ல. நான் பயிற்சி முடிஞ்சு வர்றவரைக்கும் பார்த்துக்குங்க. அடித்தட்டுல மழைத்தண்ணி, ஜன்னல்ல வெயில். வேற எதுவும் வேணாம்.”

அவள் போனதும் சமையல்காரர் குனிந்து பார்த்தார். சட்டைப்பையில் அடங்கும் செடி. இலையெங்கும் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்போல் ஒரு துளி. மண்ணைக் கிளறினார்: வெறும் மணலும் பாசியும். ஓர் உயிரைப் பட்டினி போட்டுவிட்டு அதற்கு வளர்ப்பு என்று பெயரா? அன்றே புரட்சி வெடித்தது. மணல் வெளியேறியது, மட்கிய உரம் அரியணை ஏறியது, குழாய்நீர் பாய்ந்தது. இலைமேல் அவித்த முட்டையில் ஒரு துணுக்கும் அமர்ந்தது.

சில நாளில் துளிகள் வற்றின. முட்டை தாங்கிய இலை கறுத்தது. மொட்டு தலை கவிழ்ந்தது.

“என்னங்க, உங்க விருந்தாளி முகமே சரியில்லையே” என்றாள் மனைவி.

“பசியா இருக்கும்.”

“அஜீரணமா இருக்கும். தங்கச்சிக்குப் போனைப் போடுங்க.”

நடந்ததைக் கேட்ட தங்கை, “அது சதுப்புநிலத்துச் செடி மாமா. சத்தில்லாத ஈரமண்ணாப் பார்த்துத்தான் முளைக்கும். வேணுங்கிறதைத் தானே பிடிச்சுக்கும், கொசு, எறும்புன்னு. உரமோ குழாய்த்தண்ணி உப்போ பட்டா வேர் வெந்துடும்” என்றாள்.

வெந்துவிடும்! அடுப்பையே ஆண்டவருக்கு அந்தச் சொல் சுட்டது. வேரைக் கழுவி மீண்டும் மணலில் வைக்க வேண்டும். மழைநீரோ தீர்ந்துவிட்டது, வானத்தில் மேகமில்லை. தங்கை சொன்னபடி பேட்டரிக் கடைக்கு ஓடி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கேட்டார்.

“எந்த வண்டிக்குண்ணே?”

“வண்டிக்கில்ல, செடிக்கு.”

“ஏன், ஸ்டார்ட் ஆகலையா?”

செடியை மணலுக்கு மாற்றியபின் அவர் செய்ய வேண்டியது ஒன்றே: ஒன்றும் செய்யாதிருத்தல். அதைவிடக் கொடிய தண்டனை அவருக்கு உண்டா? கைகளைப் பின்னால் கட்டி ஜன்னலருகே நடந்தார்.

“கையில என்ன?” என்றாள் மனைவி.

“ஒரே ஒரு கொசு.”

“அதுக்கே பிடிக்கத் தெரியும். வெளிய போடுங்க.”

புது இலையொன்று துளி கட்டியது. கவிழ்ந்த மொட்டு மெல்ல நிமிர்ந்தது. தங்கை தோளில் பையோடு நுழைந்த காலையில், வெயில் பட்டதும், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஓர் இளஞ்சிவப்புப் பூ விரிந்திருந்தது. உச்சிவேளைக்குள் மூடிக்கொள்ளும் பூ. பையை இறக்காமலே அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

“விதை விழுந்தா உங்களுக்கும் ஒரு தொட்டி தர்றேன் மாமா.”

“வேணாம்மா. கேட்டு வாங்கிச் சாப்பிடற செடியா ஒண்ணு இருந்தா குடு.”

“அதுக்கு ஆடுதான் வளர்க்கணும்” என்றாள் மனைவி.