தேக்குக்குச் சிமெண்ட் சட்டை

பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாகப் போனதிலிருந்தே எங்காத்துக்காரருக்குப் புத்தி சரியில்லை. துரை பங்களாவில் உருண்டையாக, வெள்ளை வெளேரென்று நாலு தூணைப் பார்த்துவிட்டார். அன்று முதல் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு அவர் கண்ணுக்கு மாட்டுக்கொட்டகை.

வீடு என் அப்பா எனக்குக் கொடுத்தது. சுவர் முழுவதையும் இடித்தாலும் கூரை விழாது. எட்டுத் தேக்குத் தூணும் மேலே ஓடும் உத்தரமும்தான் வீட்டைத் தாங்குகின்றன. அந்த எட்டுக்கும் கம்பிவலை சுற்றிச் சிமெண்ட் பூசச் சொன்னார் இந்த மகானுபாவர்.

"தேக்குக்கு எதுக்குங்க சாமி சட்டை?" என்று கொத்தன் தங்கையனே கேட்டான்.

"மரத்தூணெல்லாம் பட்டிக்காடு. வத்ஸலாவைப் பார்க்க வரவா அசந்து போகணும்" என்றார் இவர். நான் சொன்னது எது அவர் காதில் ஏறியிருக்கிறது?

எங்கள் பெண் வத்ஸலாவுக்கு இரண்டு வருஷம் அலைந்து ஒரே ஒரு நல்ல வரன் வந்தது. பிள்ளை காலேஜ் வாத்தியார். தகப்பனார் தேசிகன் கும்பகோணத்திலிருந்து வந்தார். வத்ஸலா சேவித்து எழுந்தாள். மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்துபோய்த் தூணைத் தட்டினார்.

"எட்டுத் தேக்குத் தூண் இருக்கிற அகம்னு சொன்னாளே. வித்துட்டேளா?"

"உள்ளே இருக்கு. மேலேதான் பூசியிருக்கு" என்றார் இவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து, கட்டிய பஞ்சகச்சத்தோடு தன் துரைத் தூணைத் தானே இடித்தார். சிமெண்ட் தெறித்துச் சொஜ்ஜித் தட்டில் விழுந்தது. கருந்தேக்கு தெரிந்தது. தேசிகன் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"தேக்குதான். நல்ல மரத்தையே மூடி வச்சவர், பொண்ணு விஷயத்துல எதை மூடி வச்சிருக்கேளோ" என்று சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வத்ஸலா சமையலுள் நிலைப்படியில் நின்று அத்தனையும் கேட்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. தூணுக்குப் பூசியதிலிருந்து மூன்று மாதமாக இவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தக் கும்பகோணத்து மனுஷன்மேல் போய் ஏறியது.

"மீதி ஏழையும் உடைச்சுடட்டுமா?" என்றார் இவர், கடப்பாரையும் கையுமாக.

"ஒண்ணையும் தொடாதேங்கோ. இதையும் நாளைக்கே தங்கையனை விட்டுப் பூசச் சொல்லுங்கோ. அடுத்தாப்பல வரவர் பொண்ணைப் பார்க்க வராரா, தூணைப் பார்க்க வராரான்னு எனக்குத் தெரியணும்."