ஆறாவது பிளேட்

சனிக்கிழமை வந்தால் கணக்கு வாத்தியாருக்குக் கால் தரையில் பாவாது. உதிரிபாகக் கடைக்குப் போகும் நாள் அது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மேட்டைக் கண்டால் உறுமுமே தவிர நகராது. கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்திருந்தன. அவை தேயாமல் இருந்திருந்தால், பிளேட்டின் கனத்தை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும் அந்தக் கடைக்காரப் பெண்ணை அவர் பார்த்தே இருக்கமாட்டார்.

மொத்தமாக வாங்கினால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு பிளேட். தேய்ந்ததைக் கொண்டுபோய்க் காட்டிப் புதியது வாங்குவார். பேச்சு கிளட்ச்சில் தொடங்கி மழை, மாணவர்கள், கடைப்பூனை என்று ஊர் சுற்றிவிட்டு வரும். வண்டி வீட்டில் பிரித்தபடியே கிடந்தது. வாத்தியார் நடந்தே வருவார். பிளேட்டுகள் தீர்ந்தபின் என்ன சாக்குச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பிடிபடாத கணக்கு.

இன்றும் ஒன்றை நீட்டினார். "இதுவும் தேஞ்சிடுச்சுங்க."

அவள் அளந்தாள். மறுபடியும் அளந்தாள். "சார், இது புதுசு. போன வாரம் நான் குடுத்தது."

வாத்தியார் திருதிருவென விழித்தார்.

"உங்க வண்டிக்கு மொத்தம் எத்தனை பிளேட்?"

"அஞ்சுங்க."

"இது எத்தனாவது?"

விரல்விட்டு எண்ணினார். ஆறு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லித்தருபவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"வாங்கினத மாட்டினீங்களா, இல்லையா?"

"மாட்டுறதுக்கு முன்னாடி ஆயில்ல ஊறணுமே, ஊறுதுங்க."

"ஒரு மணி நேரம் ஊறினா போதும். நீங்க ஒரு மாசமா ஊறப் போட்டிருக்கீங்க."

குட்டு உடைந்துவிட்டது. இனி எந்த முகத்தோடு இந்தப் படியேறுவது என்று வாத்தியார் திரும்பினார்.

"நில்லுங்க சார்." அவள் இழுப்பறையிலிருந்து ஒரு காலிப் பெட்டியை எடுத்து வைத்தாள். மூடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: ஐந்தையும் சேர்த்தே மாற்றவும், தனித்தனியாக விற்கக் கூடாது.

"பத்து வருஷமா கடை நடத்துறேன். இது தெரியாமயா பெட்டியப் பிரிச்சு ஒண்ணு ஒண்ணா குடுத்தேன்?"

வாத்தியாருக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

"ஆறு மணிக்குக் கடையச் சாத்துவேன். அதுக்குள்ள மாட்டி ஓட்டிட்டு வாங்க. ரெண்டு பேரோட மேடு ஏறுதான்னு பாக்கணும்."

"ரெண்டாவது ஆள் யாருங்க?"

அவள் மேசைக்கு அடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துத் தூசியைத் துடைத்தாள்.

"கணக்கு வாத்தியாராம்" என்றாள் பூனையிடம்.