உயிரோடு போனவர்கள்

கணவரின் செருப்புச் சத்தம் நடைவழியில் கேட்டதும் அவள் அம்மாவின் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"காலைத் தொட்டுப் பார்த்தியா?" என்றார் அவர், அறை வாசலிலேயே நின்றபடி.

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"சூடாத்தான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மாவின் பாதங்கள் காலையிலிருந்தே சில்லிட்டுக் கிடந்தன. மூச்சு நினைத்துக்கொண்டாற்போல் வந்தது. பிறகு வர மறந்தாற்போல் நின்றது. மறுபடி வந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் கால் பார்ப்பது என்று ஒரு வேலை உண்டு. அது முதலாளியின் மனைவியான அவளுடைய வேலை. படுக்கையில் கிடக்கும் யாருக்காவது பாதம் குளிர்ந்தால் கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். நெஞ்சில் மூச்சு இருக்கும்போதே ஆள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும். பெற்றவர்களைச் சேர்க்க வரும் பிள்ளைகளிடம், "எங்க இல்லத்துல இதுவரைக்கும் ஒரு சாவுகூட விழுந்ததில்லை" என்று அவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார். அதில் பொய்யே கிடையாது. எல்லாரும் உயிரோடுதான் போனார்கள்.

போகும்போது சிலர் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த விரல்களைப் பிரித்து விட்டவள் அவள்தான். "ஒரு ஊசி போட்டுக்கிட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றியவளும் அவள்தான்.

"பக்கத்து வீட்டுக்காரர் சம்சாரத்தோட இப்ப வந்துடுவார். ஆலோசகரும் கூட வர்றார்," என்றார் கணவர். "இன்னைக்குப் பேசி முடிச்சாத்தான் உண்டு. அந்த மனுஷன் நாளைக்கு என்ன நெனைப்பாரோ தெரியாது."

அவள் தலையாட்டினாள். அவர் போனார்.

பக்கத்து வீடு மாடியும் தோட்டமுமாகப் பெரிய வீடு. நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினால் கட்டில்கள் இரட்டிப்பாகும் என்று முதலீட்டு ஆலோசகர் படம் போட்டுக் காட்டியிருந்தார். நடமாட முடிந்தவர்கள் மேலே, படுத்துவிட்டவர்கள் கீழே. வீட்டுக்காரர் விலையில் விட்டுக்கொடுக்கவும் தயார்தான். ஆனால் அவரும் மனைவியும் மாடியில் ஒரு பகுதியைக் கடைசிவரை தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரே நிபந்தனை: தாங்கள் குடியிருக்கும் கூரைக்குக் கீழே இழவு விழக்கூடாது. இருவருக்கும் எழுபதைத் தாண்டியிருந்தது.

இந்த இல்லத்தின் பின்பாதிக் கட்டடம் அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில் எழும்பியது. அப்பா போனபின் தனியாகக் கிடந்த அம்மாவை, தாங்கள் குடியிருக்கும் இல்லத்து மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கேட்டபோது மாமியார் இருந்தார். "பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுல பெத்தவ வந்து உக்காந்தா பார்க்கிறவங்க எதால சிரிப்பாங்க?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கணவர்தான் வழி கண்டுபிடித்தார். "கீழே ஒரு கட்டில் போட்டுடலாம். கேக்கிறவங்களுக்கு, இல்லத்துல சேர்ந்திருக்காங்கன்னு சொல்லிக்கலாம்."

எல்லாரையும்விட அம்மாவே அதற்கு முதலில் சரி என்றாள். மற்றவர்கள் எதிரில் மகளையே 'மேடம்' என்று கூப்பிடவும் பழகிக்கொண்டாள். முதலில் விளையாட்டாகத்தான் கூப்பிட்டாள்.

மாமியார் போனது மாடியில். பாதம் குளிர்ந்து இரண்டு நாள் கிடந்தார். யாரும் வண்டியைக் கூப்பிடவில்லை. மகன் மடியில் தலை, சுற்றிலும் சொந்தம், வாயில் பால். அன்று அவளும் வாய்விட்டு அழுதாள்.

கணவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து போர்வையை விலக்கி அவளுடைய அம்மாவின் பாதத்தில் புறங்கையை வைத்தார். எடுத்தார்.



"வண்டிக்குச் சொல்லிட்டேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு."

"எங்க கொண்டுபோகப் போறீங்க?"

"எல்லாரையும் எங்க அனுப்புறோமோ அங்கதான்."

"உங்கம்மாவை அனுப்பலையே."

"அவங்க மாடியில இருந்தாங்க. அது நம்ம வீடு."

"அப்ப இவங்களையும் மாடிக்குத் தூக்குங்க. ஆளுக்கொரு பக்கமாப் பிடிப்போம்."

அவர் கதவைப் பார்த்தார். "நீயே எத்தனை பேரை ஏத்தி அனுப்பியிருக்கே. அப்பெல்லாம் இல்லாத ஈரம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

 அவர் சொன்னது உண்மை.  அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலை கனக்கவே இல்லை.

கேட்டுக்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல், "என்னய்யா, இன்னைக்கு யார் பேருக்குத் தபால்?" என்றார். அதற்கு எப்போதும் சிரிக்கிற டிரைவர் இன்றும் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தான். மடியில் தலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா... மூச்சு இருக்குல்ல? போன தடவை வழியிலேயே நின்னுபோய், ஆஸ்பத்திரியில என்னைப் போட்டுக் காய்ச்சிட்டாங்க."

"இருக்கு."

"அப்ப தூக்கிடலாமா?"

"என்னையும் சேர்த்துத் தூக்கினாத்தான் உண்டு தம்பி."

டிரைவர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரைப் பார்த்தார். "நான் வெளியில நிக்கிறேன் சார்," என்று அவன் ஸ்ட்ரெச்சரை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கணவர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஓடினார். ஆம்புலன்ஸ் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதும், "வாரா வாரம் செக்கப்புக்கு வரும், சும்மா" என்று கணவர் சொல்வதும் அவளுக்குக் கேட்டன. ஆலோசகர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். "இந்தச் சுவர் போயிடும் சார். இங்கேருந்து உங்க வீட்டுக்குச் சாய்வுப் பாதை. வயசானவங்க கூடிக்கிட்டேதான் இருக்காங்க. இதுக்கு மேல பாதுகாப்பான முதலீடு வேற எதுவும் இல்லை."

அம்மாவின் மூச்சு ஒன்று வந்தது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். நடைவழியில் காலடிகள் நெருங்கின. அடுத்தது வரவில்லை. இன்னும் காத்திருந்தாள். வரவில்லை.

அறை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். மற்றவர்களுக்குப் பின்னால் நின்ற கணவர், கண்களாலேயே அவளைக் கும்பிட்டார். ஒரு மணி நேரம், அவ்வளவுதான் என்றன அந்தக் கண்கள். அவள் குரலெடுத்து அழாமல் இருந்தால் போதும்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கனிவாகக் கேட்டாள். "பெரியவங்க தூங்குறாங்களா?"

அவள் அம்மாவின் நெற்றியில் கையை வைத்தாள். 

"இல்லைங்க. இப்பத்தான் போனாங்க. என்னைப் பெத்த அம்மா."

அந்த அம்மாள் கதவு நிலையில் பட்டிருந்த தன் சேலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் கணவர் பக்கம் திரும்பினார்.

"இங்க சாவே கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"சார், அது வந்து..."

"எல்லா இடத்துலயும் உண்டுங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நாங்க அதைக் கேட்டுக்கு வெளியே வெச்சுக்குவோம், அவ்வளவுதான். இன்னைக்கு முடியலை."

இருவரும் போய்க் கேட்டை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் ஆறப்போட்டு அப்புறம் பேசலாம் சார்," என்று ஆலோசகர் கணவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கணவர் அறைக்குள் வந்து நின்றார்.

"திருப்திதானே?"

அவள் அம்மாவின் இமைகளை மூடிக்கொண்டிருந்தாள்.

நடக்க முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைத்தடி, வாக்கர், சுவரைத் தடவும் கை. வருஷக்கணக்காக ஒரே நடைவழியில் இருந்தும், ஒருவர் முடிவை இன்னொருவர் பார்த்ததில்லை. யாரும் அழவில்லை. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

அடுத்த அறையில், புரண்டு படுக்கவும் முடியாத தையல்காரம்மா கூப்பிட்டாள். "என்ன ஆச்சு? யாராவது வந்து சொல்லுங்களேன்."

அவள் எழுந்து போய் அந்தக் கட்டிலருகே நின்றாள்.

"எங்கம்மா போயிட்டாங்க."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை. செத்துட்டாங்க."

"எங்க?"

"இங்கதான். அவங்க கட்டில்லயே."

தையல்காரம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். 

"குடுத்து வெச்சவ," என்றாள் பிறகு, பொறாமையோடு.